தேம்பாவணி காட்டும் திருநாட்டு வழி

திருமுதுகுன்றம் எனப் பழம்பெயர் பூண்ட விருத்தாசலத்திற்கு விருத்தகாசி என்றும் ஒரு பெயர் உண்டு. காசியினும் இவ்வூர் ஒரு வீசம் மிகுதி என்பது அந்நாட்டார் வழக்கு. தொலைவிலுள்ள திருத்தலத்தைத் தம் மண்ணிற்கு அழைத்துக்கொள்வதும், அழைத்த பின்னர் மூலத்தினும் பதினாறில் ஒரு கூறு உயர்த்திப் பேசுவதும் தமிழர்தம் சமய வாழ்வில் நெடுங்காலமாக வரும் மரபு. இன்று பீங்கான் தொழிலால் அறியப்பெறும் இவ்வூரை அடுத்த கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் (1680–1747) எழுப்பியதாக வழங்கும் கோயிலும் இம்மரபின் வழிப்பட்டதே. ஆண்டுள்ள மரியன்னைக்குப் பெரியநாயகி என்று பெயர். விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலில் வீற்றிருக்கும் அம்மையின் பெயரும் அதுவேயாகும். இஃது எதிர்பாராது நேர்ந்த ஒற்றுமை என்பார்க்கு முனிவரின் பெருங்காப்பியமே விடை கூறும்.

மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 விருத்தம் என அமைந்த தேம்பாவணி (1726) சூசை முனிவரை வளன் என்னும் பெயரால் தலைவராகக் கொண்டது. அதன் நாட்டுப் படலத்தையும் நகரப் படலத்தையும் படிப்போர் யூதேயாவையா காண்கின்றனர்? மழை பொழிந்து, மலையருவி ஆறாகப் பெருகி, வயல் புகுந்து, நெல் விளையும் நாடன்றோ காண்கின்றனர்! எருசலேம் மலைமுகட்டு நகரம். நெல் அம்மண்ணின் கருப்பொருள் அன்று. தண்டியலங்காரம் எடுத்தோதும் மலைவு ஆறனுள் முதலாவதாகிய இடமலைவு என்னும் குற்றம் இந்நூற்கு உண்டெனச் சிலர் கூறுவர். கம்பர் கோசலத்தைக் காவிரி நாடாக்கியபோது பொறுத்துக்கொண்ட நாம் இவரிடத்து மட்டும் நிலநூல் கேட்பது முறையன்று என்று கூறி இத்தடையை எளிதில் விலக்கிவிடலாம். எனினும் அவ்விடை போதாது. நிலத்தை மாற்றிய புலவர் அந்நிலத்தின் துயரையும் மாற்றினாரா என்பதே ஆராயத்தக்கது.

இவ்வினா இன்று வெறும் ஏட்டு வினாவாக இல்லை. தமிழ்நாட்டுக் கிறித்தவர் எருசலேம் செல்வதற்கு அரசு உதவித்தொகை வழங்கும் திட்டம் 2011-இல் அறிவிக்கப்பெற்றது. தொடக்கத்தில் ஒருவர்க்கு 20,000 ரூபாயாக இருந்த தொகை பின்னர் 37,000 ஆயிற்று. கன்னியர்க்கு 60,000 என வகுக்கப்பெற்றது. திட்டத்தின் அறிவிப்பு பெத்தலகேம், எருசலேம், நாசரேத்து, யோர்தான் ஆறு, கலிலேயாக் கடல் என ஐந்து பெயர்களை நிரல்பட வைத்துப் பிற தலங்களையும் சேர்த்துக்கொள்கிறது. அரசு அறிவிப்பை இலக்கியத் திறனாய்விற்கு உட்படுத்துவது தகுமோ எனின், தகும். தமிழில் வழிகூறுதற்கு ஓர் இலக்கிய வகையே உண்டு. சென்றவன் செல்பவனுக்கு வழி கூறும் ஆற்றுப்படை அது. செல்வோர்க்கு வழி சொல்லும் எவ்வுரையையும் அதன் அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

ஆற்றுப்படையின் அறம் யாது? பரிசிலின் பெருமையை மட்டும் கூறி வழியின் கொடுமையை மறைத்தல் ஆற்றுப்படைக்கு அழகன்று. நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடி கொண்டது. அதனுள் கூத்தர்க்குச் சொல்லப்படுவன எவை? பன்றிக்கென வைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், புனங்காப்போர் விடும் கவண்கற்கள், வழுக்கும் நிலங்கள் ஆகியன. இன்ன இடத்தில் இவ்வாறு செல்க என்று அருகிருந்து கைபிடித்து நடத்துவது போலப் பெருங்கௌசிகனார் எச்சரிக்கிறார். வழியிடை வாழ்வோர் யாவர், அவர் விருந்தோம்பும் முறை யாது என்பதும் கூறப்படுகின்றது. தலைவனின் ஊர் எத்துணை இன்றியமையாததோ அத்துணை இன்றியமையாதது இடைவழியும்.

இவ்வளவுகோலை முதலில் தேம்பாவணியின்மேல் வைத்துப் பார்ப்போம். இரண்டாம் காண்டம் பைதிரம் நீங்கு படலத்தில் தொடங்குகின்றது. பைதிரம் என்றது நாட்டை. ஏரோதன் குழந்தையைக் கொல்லத் தேடுகின்றான். தாயும் மகவும் வளனும் எசித்து நாட்டிற்குத் தப்பி ஓடுகின்றனர். மத்தேயு நற்செய்தியில் இச்செய்தி சில வரிகளில் முடிந்துவிடும். எவ்வழியே சென்றனர் என்று அங்குக் குறிப்பே இல்லை. முனிவரோ அவ்வழியைப் படலம் படலமாக விரிக்கின்றார். அவற்றுள் ஒன்று காசை சேர் படலம். காசை என்பது இன்று நாள்தோறும் செய்தித்தாள் வாயிலாக நாம் கேட்கும் காசாவே. ஆகிரேதா ஊர் மரியாள் என்னும் இசுபானியத் துறவியார் (1602–1665) எழுதிய நூலை முனிவர் தழுவிச் சென்றார் என்பது அறிஞர் அறிந்தது. காசா வழியாகச் சென்ற செய்தியும் அந்நூலில் உண்டு. ஆயினும், வழியை வழியாகவே மதித்து அதற்கெனத் தனிப்படலம் வகுத்தது ஆற்றுப்படை மரபில் தோய்ந்த தமிழ் உள்ளத்தின் செயல் என்றே கருதுகின்றேன்.

அங்ஙனம் விரிந்த வழியில் ஓடுவோர் அகதிகள் என்பதை மறத்தலாகாது. காப்பியத் தலைவன் பகைமேற் செல்லும் செலவையே பெரும்பாலும் கண்டு பழகிய நமக்கு, பகைக்கு அஞ்சிக் குழந்தையைச் சுமந்து செல்லும் தலைவன் புதியன். நெய்தலும் மருதமும் தமிழ்நாட்டனவாயினும் அச்சம் அந்நாட்டதே.

இனிக் குறையையும் கூறுதல் வேண்டும். இவ்வோட்டத்தினிடையே சோசுவன் வெற்றிப் படலமும் சேதேயோன் வெற்றிப் படலமும் வருகின்றன. பழைய ஏற்பாட்டுப் போர்கள் தமிழ்ப் பரணிச் சுவையோடு பாடப்பெறுகின்றன. போர் வருணனையில் முனிவர்க்குக் கை தாராளம். இவ்விடத்து வேண்டுமளவினும் மிகத் தாராளம். கொலைக்கு அஞ்சி ஓடும் குடும்பத்தின் வழியில் கொன்று கொண்ட நிலத்தின் கதை சொல்லப்படும் முரணை அவர் உணர்ந்து அமைத்தாரெனக் கூறச் சான்றில்லை. தோற்றார் குரல் அப்படலங்களில் எழவில்லை. சிலம்பு கற்றவர்க்கு இக்குறை எளிதில் புலனாகும். எனினும் குழவிகள் வதைப் படலம் என ஒன்றை அமைத்து, ஏரோதன் ஏவலால் மாண்ட குழந்தைகளுக்குக் காப்பியத்தில் தனியிடம் அளித்த புலவரை, துன்பத்தை மறைத்தவர் என்று சொல்ல இயலாது. அவர் இடத்தை மாற்றினார், கொடுமையை மாற்றவில்லை.

ஐந்து பெயர் வரிசை இதற்கு நேர்மாறானது. இடத்தில் மலைவு இல்லை. பெயர்கள் யாவும் மெய்யானவை. ஆனால் அவை மறைநூலின் பெயர்களாகவே நின்றுவிடுகின்றன. வாழும் ஊர்களின் பெயர்களாகத் தோன்றவில்லை. நாசரேத்து இசுரவேல் நாட்டின் வடபால் அரபு மக்கள் வாழும் நகரம். எருசலேமின் பழநகர் 1967 போரில் இசுரவேல் கைப்பற்றிய பகுதியுள் அடங்கும். பெத்தலகேம் 1995 முதல் பாலத்தீன ஆட்சியமைப்பின் கீழ் உள்ளது. அதற்கும் எருசலேமுக்கும் இடையே, 2002-இல் எழுப்பத் தொடங்கிய பெருஞ்சுவர் நிற்கின்றது. எருசலேமிலிருந்து பெத்தலகேம் செல்வோர் சோதனைச் சாவடி கடந்தே செல்ல வேண்டும். நிரலில் அருகருகே காற்புள்ளியால் மட்டும் பிரிக்கப்பட்ட இரு பெயர்களுக்கு நடுவே உள்ள மெய் இது. மலைபடுகடாம் பாடியவர் இதனைக் கூறாது விட்டிரார்.

அவ்வரிசையில் காசா இல்லை. குழுவாகச் செல்வோர்க்கு அது வழியுமன்று. எனினும் அங்குள்ள கத்தோலிக்கக் கோயில் திருக்குடும்பத்தின் பெயர் தாங்கியது. எசித்து நோக்கி ஓடிய குடும்பம் அவ்வழி சென்றது என்னும் மரபே அப்பெயர்க்குக் காரணம். 2023 அக்டோபரில் மூண்ட போரின்போது கிறித்தவர் பலர் அதனுள் அடைக்கலம் புகுந்திருந்தனர். 2025 சூலை 17-ஆம் நாள் அக்கோயிலைக் குண்டு தாக்கியதில் மூவர் மாண்டனர். காசை சேர் படலத்திற்கு இனி உரை வகுப்போர் இச்செய்தியை விலக்கி உரை எழுதுவது எங்ஙனம்? நூல் தோன்றிய காலத்துச் செய்தியே உரைக்கு உரியது என்பார் உளர். நச்சினார்க்கினியர் முதலியோர் தத்தம் காலத்து வழக்கைக் கொண்டே பழம்பாட்டை விளக்கினர் என்பதை அவர்க்கு நினைவூட்டலாம்.

இந்நூலைப் பயிலும் மாணவர் நாட்டுப் படலத்தோடு நின்று இடமலைவு உண்டா இல்லையா என்று வாதிட்டே தேர்வெழுதி விடுகின்றனர். வழிப் படலங்களைத் தொடர்ந்து படித்து, அவற்றை ஆற்றுப்படை நூல்களோடும், திருநாட்டுப் பயணம் பற்றித் தமிழில் வந்துள்ள உரைநடைகளோடும் ஒப்பிடும் ஆய்வு வேண்டப்படுகின்றது. அப்பயண நூல்களில் வழிகாட்டியும் உந்து ஓட்டியும் விடுதிக்காரரும் எவ்விடத்தேனும் வாய் திறக்கின்றனரா என்பதை முதலிற் பார்க்கலாம்.

2023-ஆம் ஆண்டுக் கிறித்துப் பிறப்பின்போது பெத்தலகேமில் வழக்கமான பொதுவிழா நடைபெறவில்லை. அவ்வூர் லுத்தரன் கோயிலில் குடில் அமைத்தோர் வைக்கோலுக்கு மாறாக இடிபாட்டுக் கற்களைக் குவித்து, அவற்றிடையே குழந்தையைக் கிடத்தினர். தேம்பாவணியைப் பயின்ற ஒருவர் அக்குடில்முன் நிற்க நேர்ந்திருப்பின், மகவருள் படலத்தையும் குழவிகள் வதைப் படலத்தையும் பிரித்துப் படித்திருக்க மாட்டார்.