பெயர் ஒன்று, மகளிர் இருவர்: பேகன் மனைவி கண்ணகியும் கோவலன் மனைவி கண்ணகியும்

ஒரே பெயருடையோர் பலராக இருத்தல் தமிழ் இலக்கிய வரலாற்றில் புதிதன்று. ஔவையார் பலர் என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட செய்தி. சங்கப் பாடல்களைப் பாடிய கபிலரும் பரணரும் நக்கீரரும் வேறு. பதினோராம் திருமுறையில் இடம்பெறும் கபிலதேவ நாயனாரும் பரணதேவ நாயனாரும் நக்கீரதேவ நாயனாரும் வேறு என்று பிரித்துணர்வதற்கு ஆய்வுலகம் பழகிவிட்டது. ஆனால் புலவர் பெயர்களில் காட்டப்படும் இவ்விழிப்பு, பாடப்பட்டோர் பெயர்களில் அந்த அளவிற்குக் காட்டப்படவில்லை. இதற்குத் தக்க சான்று கண்ணகி எனும் பெயராகும்.

புறநானூற்றில் வையாவிக் கோப்பெரும் பேகனின் மனைவி கண்ணகி. சிலப்பதிகாரத்தில் கோவலனின் மனைவி கண்ணகி. முன்னவள் பொதினி மலைக்குரிய வேளிர் குடியில் வாழ்க்கைப்பட்டவள். பின்னவள் புகாரில் பிறந்து, மதுரையை எரித்து, சேர நாட்டு மலையில் தெய்வமானவள். கணவன் வேறொருத்தியை நாடிச் செல்ல இருவரும் தனித்து வருந்தினர். இவ்வொற்றுமையையும் பெயரொற்றுமையையும் கொண்டு, பேகன் மனைவியின் வரலாறே காப்பியக் கதைக்கு வித்தாயிற்று என்னும் கருத்து அவ்வப்போது முன்வைக்கப்படுகிறது. கேட்பதற்கு இனிய கருத்துத்தான். அது எச்சான்றின்மேல் நிற்கிறது என்பதே ஆராயத்தக்கது.

பாடலும் கொளுவும்

பேகன் மனைவியைப் பற்றிய பாடல்கள் ஐந்து (புறம். 143–147). கபிலர் ஒன்றும், பரணர் இரண்டும், அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் ஒவ்வொன்றும் பாடியுள்ளனர். கபிலர், தாம் பேகனின் மலையைப் பாடியபோது கண்ணீர் வடித்து நின்றவள் யாரோ என்று அவனையே வினவுகிறார். பரணர் தம் பாடலொன்றில் அவளையே பேச வைக்கிறார். பேகனுக்கு உறவோ என்று கேட்டதற்கு, உறவல்லேம் என்று கூறிக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தன்னைப் போன்ற ஒருத்தியை விரும்பி அவன் முல்லைவேலி நல்லூருக்கு நாளும் வருகிறான் என்று ஊரார் சொல்வதை அவள் எடுத்துரைக்கிறாள். மற்றொரு பாடலில், பசித்தும் வரவில்லை, சுற்றத்திற்காகவும் வரவில்லை. இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே தாம் வேண்டும் பரிசில் என்கிறார். அரிசில்கிழாரும் நன்கலம் வேண்டாது குதிரை பூட்டுமாறு வேண்டுகிறார். பெருங்குன்றூர்கிழாரின் பாடல் அவள் கூந்தல் மீண்டும் மலர் பெறுவதையே பரிசிலாகக் கேட்கிறது.

இவ்வைந்து பாடல்களில் பேகன் பெயர் சொல்லி விளிக்கப்படுகிறான். ஆவியர் கோ என்றும் சுட்டப்படுகிறான். அவன் மனைவியின் பெயர் ஓரிடத்தும் இல்லை. கண்ணகி எனும் பெயர் பாடல்களின் அடியிலுள்ள கொளுக் குறிப்பில் மட்டுமே வருகிறது. இலக்கிய வரலாற்று நூல்கள் பலவும் ‘புறநானூறு கூறும் கண்ணகி’ என்று எழுதிச் செல்லும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. கூறுவது புறநானூறு அன்று. புறநானூற்றைத் தொகுத்தவரோ, தொகைக்குப் பின் திணை துறை வகுத்தவரோ கூறுவது.

இக்கொளுக்களின் காலத்தை அவற்றின் உள்ளிருந்தே ஓரளவு உணரலாம். இப்பாடல்கள் பெருந்திணையில் குறுங்கலித் துறையாக வகுக்கப்பட்டுள்ளன. தொல்காப்பியம் பெருந்திணையை அகத்திணை ஏழனுள் ஒன்றாகக் கொண்டு மடலேறுதல் முதலியவற்றை அதன்பாற் படுத்துகிறது. குறுங்கலி என்னும் துறையை அங்குக் காண இயலாது. புறப்பொருள் வெண்பாமாலையில் காணலாம். எனவே கொளு வகுத்தவர் பாடல் எழுந்த காலத்து இலக்கண மரபில் நின்று எழுதவில்லை. பிந்தைய மரபொன்றில் நின்று எழுதியுள்ளார். அத்தகையவர் தரும் பெயர் காப்பியத்திற்கு முற்பட்டது என்பதற்கு என்ன உறுதி? பேகன் மனைவியிடமிருந்து காப்பியத்திற்குப் பெயர் சென்றது என்று கொள்வதைப் போலவே, காப்பியத்திலிருந்து கொளுவிற்குப் பெயர் வந்தது என்றும் கொள்ளலாமே என ஒருவர் வாதிட இடமுண்டு.

அவ்வாதமும் முழுமையாகப் பொருந்துவதன்று. சிலப்பதிகாரத்தை அறிந்த ஒருவர், மாபெரும் பத்தினித் தெய்வத்தின் பெயரை வேளிர் தலைவன் ஒருவனின் மனைவிக்குக் காரணமின்றிச் சூட்டியிருப்பாரா? இருவரும் ஒருவரல்லர் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும். குழப்பம் விளையும் என்றறிந்தும் ஒருவர் ஒரு பெயரை எழுதினால், அப்பெயர் அவருக்கு வழிவழியாகக் கிடைத்தது என்பதற்கே வாய்ப்பு மிகுதி. பேகன் மனைவியின் பெயர் கண்ணகி என்பதை ஏற்பதே தகும். ஆனால் அதனால் பெறப்படுவது கண்ணகி எனும் பெயருடைய மகளிர் இருவர் இருந்தனர் என்பதே. ஒருத்தியே மற்றொருத்தியாயினாள் என்பது அன்று. கணவன் பரத்தையரை நாடிப் பிரிதல் மருதப் பாடல்கள் முழுவதும் நிறைந்த பொருள். அதனை இருவர்க்கும் உரிய தனி ஒற்றுமையாகக் காட்டுவது வலுவற்றது.

மூன்றிடத்துச் செய்திகள்

பத்தினி வரலாற்றின் கூறுகள் சங்க நூல்களில் சிதறிக் கிடக்கும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. மதுரை மருதன் இளநாகனார் பாடிய நற்றிணை 216ஆம் பாடலில், அயலான் ஒருவனால் நேர்ந்த கவலையால் ஒரு முலையை அறுத்துக்கொண்ட பெண் பேசப்படுகிறாள். வேங்கை மரமும் கடவுளும் உடன் வருகின்றன. காப்பியக் கண்ணகியை நினைவூட்டும் செய்தி இதைவிட வேறில்லை. ஆனால் அவள் பெயர் திருமாவுண்ணி. கோவலனோ மதுரையோ அங்கில்லை.

பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்துப் பதிகம், செங்குட்டுவன் கடவுட் பத்தினிக்குக் கல் கொள்ள வடக்கே சென்றதைக் கூறுகிறது. அங்குப் பத்தினி உண்டு, பெயரில்லை. அப்பதிகத்திற்குரிய பத்துப் பாடல்களையும் பாடியவர் பரணர். அவர் பத்தினிக் கல்லைப் பற்றி ஒன்றும் கூறவில்லை என்பதும், பதிகங்கள் பாடல்களுக்குப் பிற்பட்டவை என்பதும் அறிஞர் பலர் எடுத்துக்காட்டியவை.

ஆக, பெயர் உள்ள இடத்தில் (புறநானூற்றுக் கொளு) தெய்வமில்லை. தெய்வம் உள்ள இடத்தில் (பதிகம்) பெயரில்லை. முலையறுத்த நிகழ்ச்சி உள்ள இடத்தில் (நற்றிணை) பெயரே வேறு. இம்மூன்றும் ஒன்றாகக் கூடுவது இளங்கோவடிகளின் நூலில் மட்டுமே. பெயரொற்றுமையை அளவுகோலாகக் கொண்டால் திருமாவுண்ணியை விலக்கிப் பேகன் மனைவியைச் சேர்க்க நேரும். நிகழ்ச்சியை அளவுகோலாகக் கொண்டால் முடிவு நேர்மாறாகும். முன்னதையே ஆய்வுலகம் சில போது தேர்ந்தமைக்குப் பெயரின் கவர்ச்சியன்றி வேறு காரணம் புலப்படவில்லை.

இக்கவர்ச்சி கால ஆராய்ச்சியிலும் புகுந்துள்ளது. வரந்தரு காதை கூறும் இலங்கைக் கயவாகுவை மகாவம்சத்தின் முதலாம் கயவாகுவாகக் கொண்டு சங்க காலத்தைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் நிறுத்தும் முறை, வி. கனகசபைப் பிள்ளையின் 1904ஆம் ஆண்டு நூலுக்குப்பின் பெருவழக்காயிற்று. அதே பெயரில் 12ஆம் நூற்றாண்டிலும் ஓர் அரசன் உண்டு. அவனைக் காப்பியத்தோடு இணைப்பார் இல்லை. இணைக்க இயலாது என்பதும் உண்மையே. எனினும் மகாவம்சம் முதலாம் கயவாகுவின் வரலாற்றில் பத்தினி வழிபாட்டைக் குறிக்கவில்லை. பிற்பட்ட சிங்கள நூலான இராசாவளியே அதனைக் கூறுகிறது. பெயரைத் தவிர்த்து நோக்கின் அவ்விணைப்பில் எஞ்சுவது மிகக் குறைவு.

மலையும் பெயரும்

இச்சிக்கல் ஏட்டளவில் நிற்பதன்று. தேனி, இடுக்கி மாவட்டங்களின் எல்லையில், குமுளிக்கு அருகே மலைமுகட்டில் சிதைந்து நிற்கும் கோயில் தமிழில் கண்ணகி கோட்டம் என்றும் கேரளத்தில் மங்களாதேவி கோயில் என்றும் வழங்கப்படுகிறது. சித்திரை முழுநிலா நாளில் மட்டும் இரு மாவட்ட நிருவாகங்களின் கண்காணிப்பில் அங்கு வழிபாடு நிகழ்கிறது. சிலப்பதிகாரத்தின் மங்கல மடந்தை கோட்டம் என்னும் தொடரே மங்களாதேவி என்னும் பெயருக்கு மூலம் என்பர். ஆனால் அத்தொடர் கண்ணகியையே குறிக்கிறதா, மலையில் முன்பே இருந்த வேறொரு தெய்வத்தையா என்பதை அக்காதைக்குள் நின்றே முதலில் தெளிய வேண்டும். 1960களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் இக்கோயிலை அடையாளம் காட்டியபோது அவருக்குத் துணைநின்ற வலுவான சான்று பெயரன்று, வழி. மதுரையிலிருந்து வையைக் கரை பற்றி மேற்கே நடந்து மலையேறுவோர் சேரும் இடம் எது என்ற வினா பெயராய்வினும் உறுதியான நிலத்தில் நிற்கிறது.

காப்பியம் அம்மலையை நெடுவேள் குன்றம் என்கிறது. அகநானூற்றில் மாமூலனார் பொதினியின் தலைவனை நெடுவேள் ஆவி என்கிறார். முருகனுக்கும் வேளிர் தலைவனுக்கும் பொதுவான இச்சொல்லைப் பற்றிக்கொண்டு, கண்ணகி ஏறிய குன்றம் பேகனின் பொதினியே என்று ஒருவர் எழுதிவிட முடியும். முதற்கண்ணகியின் மலையே இரண்டாங்கண்ணகியின் மலையாகி எல்லாம் அழகாகப் பொருந்திவிடும். மேலே கண்ட பிழையின் மறுபதிப்பாகவே அது முடியும்.

பாலக்காட்டு வடக்கந்தறைத் திருப்புரைக்கல் கோயிலில் கண்ணகி பகவதியாக வழிபடப்படுகிறாள். அக்கோயிலோடு தொடர்புடைய மூத்தான் சமூகத்தார், தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து குடிபெயர்ந்தோர் என்னும் மரபுடையர். இடுக்கி மலைகளில் வாழும் முதுவர் தம் முன்னோர் மதுரையை விட்டு வந்தோர் என்பர். அப்பெயர்ச்சியை மதுரை எரிந்ததோடு இணைத்துக் கூறுவாரும் உளர். புகாரும் மதுரையும் இவ்வெல்லைப் பகுதியின் வாய்மொழி மரபில் நிலைத்துள்ளன. அம்மரபு அறிவது காப்பியக் கண்ணகியை. பேகன் மனைவியின் சாயல் அதில் இல்லை. பொதினியின் தென்மேற்குச் சரிவுகள் இடுக்கியின் மறையூர், காந்தளூர், வட்டவடைப் பகுதிகளோடு தொடர்ந்து கிடப்பதை எண்ணின் இவ்வின்மை பொருளுடையது.

சேர அவைப் புலவர் நால்வர்

பெயரை விலக்கிய பின்னரும் இரு கண்ணகியரிடையே ஒரு தொடர்பு எஞ்சுகிறது. பேகன் மனைவிக்காகப் பாடிய நால்வரும் பதிற்றுப்பத்துப் புலவர். ஐந்தாம் பத்துப் பரணர், ஏழாம் பத்துக் கபிலர், எட்டாம் பத்து அரிசில்கிழார், ஒன்பதாம் பத்துப் பெருங்குன்றூர்கிழார். கிடைத்துள்ள எட்டுப் பத்துகளைப் பாடிய எண்மருள் பாதியர் ஒரு வேளிர் தலைவனின் இல்லறப் பிணக்கில் தலையிட்டது தற்செயல் என்று தள்ளத்தக்கதன்று. காரணத்தைப் பதிகங்களே தருகின்றன. நான்காம், ஆறாம் பத்துகளின் தலைவர்க்குத் தாய் வேளாவிக் கோமான் பதுமனின் மகள்; எட்டாம் பத்தின் தலைவனுக்கும் அவ்வாறே பதுமன் மகளே தாயாகக் கூறப்படுகிறாள். ஆவியர் குடி சேரர்க்குப் பெண் கொடுத்த குடி. சேரரைப் பாடிய புலவர்க்குப் பொதினியின் வாயில் அயலார் வாயில் அன்று.

பொதினியில் கைவிடப்பட்ட ஒருத்தியின் துயரம் சேர அவையில் பேசப்பட்டிருக்கும் என்று கருத இது போதிய சான்று. கண்ணகி எனும் பெயரும் அவ்வழியே அங்கு அறியப்பட்டிருக்கலாம். அதற்கு மேல் செல்ல வேண்டுமாயின் பேகன் ஆவியர் வழியில் எத்தலைமுறையினன் என்பது தெரிய வேண்டும். அங்கும் பெயரே குறுக்கே நிற்கிறது. நான்காம், ஆறாம் பதிகங்களின் பதுமன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனுக்குப் பெண் கொடுத்தவன். எட்டாம் பதிகத்தின் பதுமன் செல்வக்கடுங்கோ வாழியாதனுக்குப் பெண் கொடுத்தவன். ஒருவன் மகளிர் இருவரா, பதுமன் என்னும் பெயருடையோர் இருவரா என்பது முடிவாகும் வரை, பேகனைப் பதுமனுக்கு முன் வைப்பதா பின் வைப்பதா என்பதும் முடிவாகாது.