கழிவு நீரில் வெப்பம்: செனாக்வ் குடியிருப்பின் கணக்கு சரியா?

கனடா நாட்டின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் நகரில், பர்ரார்ட் பாலத்தை ஒட்டி, 'செனாக்வ்' என்னும் குடியிருப்புத் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. 11 உயர்ந்த கட்டடங்கள். 6,000-க்கும் மேற்பட்ட வாடகை வீடுகள். இயங்கும் காலத்தில் கரியமில வாயுவின் நிகர வெளியீடு சுழியாக இருக்கும் என்பது இதன் அறிவிப்பு. இதை எவ்வளவு தூரம் ஏற்கலாம்? சற்றே ஆராய்வோம்.

முதலில் நிலத்தின் வரலாறு. இது ஸ்குவாமிஷ் என்னும் பழங்குடி மக்களுடைய ஊர். 19-ஆம் நூற்றாண்டில் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 80 ஏக்கர். ஒரு பகுதி இரயில் பாதைக்குப் போயிற்று. 1913-இல் மாகாண அரசு எஞ்சியிருந்த குடும்பங்களைப் படகில் ஏற்றி அப்புறப்படுத்தியது, வீடுகள் எரிக்கப்பட்டன. நெடிய வழக்கிற்குப் பின், 2000-களின் தொடக்கத்தில் மீண்டது சுமார் 10.5 ஏக்கர் மட்டுமே. 2019-இல் நடந்த வாக்கெடுப்பில் 87 விழுக்காட்டினர் திட்டத்தை ஆதரித்தனர். பழங்குடியினருக்கான ஒதுக்கீட்டு நிலமாதலால், நகராட்சியின் உயர வரம்பு விதிகள் இங்கே செல்லா. என்ன கட்டுவது என்பதை நிலத்திற்குரியோரே முடிவு செய்தனர்.

பாராட்டத்தக்கது எது?

வீடுகளைச் சூடேற்ற, அருகே செல்லும் பாதாளச் சாக்கடையின் வெப்பத்தைப் பயன்படுத்துவது இத்திட்டத்தின் சிறப்பான கூறு. குளித்த நீரும் துவைத்த நீரும் வெதுவெதுப்பாகவே சாக்கடையில் சேர்கின்றன. அந்த வெப்பம் வீணாகிறது.

வெப்பம் தானாகக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்திற்குப் பாயாது என்பது நீங்கள் படித்ததே. ஏற்ற வேண்டுமானால் வேலை செய்தாக வேண்டும். அவ்வேலையைச் செய்வது வெப்ப எக்கி; குளிர்ப்பதனப் பெட்டியில் இருப்பதும் இதுவே. ஆழக் கிணற்றைவிட மேலோட்டமான கிணற்றில் நீர் இறைப்பது எளிதல்லவா? அதுபோல, வெப்பநிலை வேறுபாடு குறையக் குறைய மின்செலவும் குறையும்.

65° செண்டிகிரேடில் நீர் வேண்டும் எனக் கொள்வோம். தனிவெப்பநிலை அளவில் இது 338°. கழிவு நீர் 20°-யில் இருந்தால் வேறுபாடு 45°. 338-ஐ 45-ஆல் வகுத்தால் 7.5. ஓர் அலகு மின்சாரத்திற்குக் கிடைக்கக்கூடிய வெப்பத்தின் உச்ச வரம்பு இது. குளிர்காலத்து 0° காற்றிலிருந்து எடுத்தால் வேறுபாடு 65°, வரம்பு 5.2 மட்டுமே. உண்மை எந்திரங்கள் இவ்வரம்பில் பாதியளவையே எட்டும். எனினும், ஓரலகு மின்சாரத்திற்கு மூன்றலகு வெப்பம் என்பது சிறிய ஆதாயமன்று. அதே நகரின் ஃபால்ஸ் கிரீக் பகுதியில் 2010 முதல் இம்முறை இயங்கி வருவதால், இது வெறுங்கனவும் அன்று. வீடுகளில் சிறு பங்கினுக்கே கார் நிறுத்துமிடம் ஒதுக்கியிருப்பதும் நல்ல முடிவே.

விடுபட்டது எது?

'இயங்கும் காலத்தில்' என்னும் சொற்களைக் கவனியுங்கள். கணக்கு குடியேறிய பின்னரே தொடங்குகிறது. கட்டடமோ அதற்கு முன்பே வாயுவை வெளியிட்டுவிட்டது. சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக் கல்லைச் சுடுகிறோம். 100 கிலோ தூய சுண்ணாம்புக் கல் முழுதும் சிதைந்தால் 44 கிலோ கரியமில வாயு வெளிப்படும். இது வேதியியல் விதி. எரிபொருளை மாற்றினாலும் மாறாது. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்டிலிருந்தே வருகிறது. கட்டடம் உயர உயர, அதே தரைப்பரப்பிற்குக் கூடுதல் கான்கிரீட்டும் எஃகும் தேவைப்படும். 80 ஏக்கர் 10.5 ஆகச் சுருங்காதிருந்தால், இவ்வளவு உயரம் தேவைப்பட்டிருக்குமா என்பதும் எண்ணத்தக்கது.

அடுத்தது மின்சாரம். அம்மாகாணத்தின் மின்சாரம் பெரும்பாலும் அணைகளிலிருந்து வருவது. அங்கே புகை இல்லை. ஆனால் மூழ்கிய நிலம் உண்டு. 1968-இல் பீஸ் ஆற்றில் முடிவுற்ற பென்னட் அணையின் நீர்த்தேக்கம் ட்சே கே டெனே பழங்குடியினரின் ஊர்களை மூழ்கடித்தது. 2024-இல் நிரப்பப்பட்ட சைட் சி அணையின் நீர்த்தேக்கம் அதே ஆற்றுப் பள்ளத்தாக்கில் மேலும் 83 கிலோமீட்டரை மூடியது. அதை எதிர்த்தும் பழங்குடியினர் வழக்காடினர். ஒரு பழங்குடியினர் மீட்ட நிலத்தின் தூய்மையில், இன்னொரு பழங்குடியினர் இழந்த நிலமும் அடங்கியுள்ளது.

இதனால் செனாக்வ் தவறான திட்டம் என்று ஆகிவிடாது. அந்நிலம் பறிபோயிருந்த நெடுங்காலத்தில் நகரில் எழுந்த கட்டடங்களிடம் இக்கேள்விகள் கேட்கப்படவில்லை. இன்று இவர்களிடம் மட்டும் கேட்பது நேர்மையாகாது. கேள்வி எல்லாக் கட்டடங்களுக்கும் பொது. 'பசுமைக் கட்டடம்' என்ற விளம்பரத்தை எங்கே கண்டாலும், நீங்கள் இரண்டு வினாக்களை எழுப்புங்கள்: கணக்கு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? அதன் எல்லை எதுவரை நீள்கிறது? இவ்விரண்டிற்கும் விடை தராத சுழியை, சுழியென்று ஏற்க வேண்டியதில்லை.