கிராபி பாறைக்குக் கொண்டுபோன கயிறும் கிரிகிரியும்

காட்டாக்கடைப் பக்கத்தில் 1,868 மீட்டர் உயர அகஸ்தியர்கூடத்தின் கடைசி ஏற்றத்தில், கட்டியிருக்கும் வடத்தைப் பிடித்து ஏறியவர்கள் நிறையப் பேர். அந்த வடம் கைக்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான். தாய்லாந்தின் கிராபியில் ரெய்லே கடற்கரைச் சுண்ணாம்புப் பாறையில் ஏறுகிறவருக்குக் கயிறு உயிர்காப்பு. விழுகிற ஆளை அது தாங்கியாக வேண்டும்.

நான் கொண்டுபோனது 9.8 மி.மீ. தடிமன், 60 மீட்டர் நீளமுள்ள டைனமிக் கயிறு. எடை நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ரெய்லேயின் பெரும்பாலான பாதைகளுக்கு இந்த நீளம் போதும். கயிறு வாங்கும்போது இ.என். 892 என்ற ஐரோப்பியத் தர முத்திரையைப் பாருங்கள். சோதனையில் முதல் விழுகையின் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டாமல், கயிறு நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. மீட்புப் பணிக்கான ஸ்டாட்டிக் கயிறு அப்படி நீளாது, அடி முழுவதும் இடுப்பில் இறங்கும். ஹார்ட்வேர் கடைக் கயிறோ எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வேண்டவே வேண்டாம்.

கீழே நின்று கயிறு விடுகிறவருக்குப் பெட்சல் கிரிகிரி என்ற பிடிகருவி. 175 கிராம்தான், 8.5 முதல் 11 மி.மீ. கயிறு வரை ஏற்கும். மேலே ஆள் விழுந்து கயிறு சட்டென்று ஓடினால், உள்ளே இருக்கும் கேம் திரும்பிக் கயிற்றை நெரித்துப் பிடிக்கிறது. என் கைக்கு அது தந்த நிம்மதி பெரிது. ஆனாலும் கீழ்க்கையைக் கயிற்றிலிருந்து எடுக்கவே கூடாது. இறக்கும்போது பதறிப்போய்ப் பிடியை முழுக்க இழுத்துவிடுகிற புதியவர்களுக்குக் கிரிகிரி பிளஸ்தான் சரி. பிடியை அளவுக்கு மீறி இழுத்தால் அது தானே பூட்டிக்கொள்ளும். அதற்காகக் கூடுகிற 25 கிராம் எடையைப் பொருட்படுத்த வேண்டாம்.

ரெய்லேயில் கடற்காற்று துருப்பிடிக்காத எஃகையே அரித்து வெடிக்கவைப்பதால், பாறையில் டைட்டேனியம் போல்ட்டுகளைப் பதித்திருக்கிறார்கள். நம் அலுமினியக் காரபினர்களை மாலைதோறும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஹெல்மெட் கட்டாயம்.

திரும்பி வந்தபின்தான் நம் ஊருக்கே உரிய ஆபத்து. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் பெரும்பாலும் ஃபார்மிக் அமிலம். கயிறும் ஹார்னஸும் நைலான். அடர்ந்த ஃபார்மிக் அமிலம் நைலானைக் கரைத்துவிடும். ஷீட் அடிக்கும் புரையிலும், ஆசிட் கன்னாஸ் இருக்கும் மூலையிலும் இவற்றை வைக்காதீர்கள். ஒரு துளி தெறித்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலும் அந்தக் கயிற்றில் யாரையும் ஏற்றாதீர்கள். ஆடு கட்டக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.