போதிதருமர் கணக்கில் ஏறிய குங்ஃபூ

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கம்பு பிடித்துப் பழகும் பையனிடம் கேட்டுப் பாருங்கள், குங்ஃபூ நம்மிடமிருந்து போனது என்றுதான் சொல்வான். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதருமர் சீனாவுக்குப் போனார், ஷாவ்லின் மடத்துத் துறவிகளுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார், அதுதான் பிற்பாடு குங்ஃபூ ஆயிற்று. 2011 தீபாவளிக்கு வந்த ‘7ஆம் அறிவு’ படத்தில் சூர்யா இதை நடித்துக் காட்டிய பிறகு, சந்தேகப்படுகிறவனே தமிழுக்கு ஆகாதவன் என்றாகிவிட்டது. பரவாயில்லை, சந்தேகப்பட்டே பார்ப்போம்.

போதிதருமர் தெற்கத்திக்காரரா என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். அவரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, லுவோயாங் நகரத்து மடங்களைப் பற்றி 547 வாக்கில் யாங் சுவான்ஜி எழுதியது. அதில் அவர் பாரசீகத்துத் துறவி, தனக்கு 150 வயது என்று சொல்லிக்கொண்டவர். ஆனால் போதிதருமரின் சீடர் வட்டத்தோடு தொடர்புடைய தான்லின் அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். 645 வாக்கில் துறவியர் வரலாறு எழுதிய தாவ்சுவான் தென்னிந்திய அந்தணர் என்கிறார். யாங் ஊர் பார்த்து எழுதியவர். தான்லின் ஆளை அறிந்தவர்களோடு பழகியவர். தென்னிந்தியர் என்பதை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை.

காஞ்சிபுரம் என்பது வேறு விஷயம். பல்லவர் செப்பேடுகளில் இந்தப் பெயர் இல்லை. இதைவிட முக்கியமான சாட்சி சுவான்சாங். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியைப் பற்றி எழுதிய அவர், அந்த ஊரில் பிறந்த பௌத்தப் பேரறிஞராகத் தர்மபாலரைச் சொல்கிறார். போதிதருமரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சீனாவிலிருந்து வந்த ஒரு பௌத்தத் துறவி, தன் நாட்டுக்கு வந்து போதித்த ஒருவரின் சொந்த ஊருக்கு வந்தும் அதைக் குறிப்பிடாமல் போவாரா? காஞ்சிக் கதை பொருந்தக்கூடியதுதான். ஆதாரம்தான் இல்லை.

சண்டைக்கு வருவோம். மேலே சொன்ன பழைய நூல் எதிலும் போதிதருமர் ஒரு குத்துக்கூட விடவில்லை. ஷாவ்லின் மடத்தை 495 வாக்கில் வட வெய் பேரரசர் கட்டிக்கொடுத்ததும் அவருக்கு இல்லை, பாதுவோ என்ற வேறோர் இந்தியத் துறவிக்கு. அந்த மடத்தார் போரிட்டதற்கு உறுதியான முதல் பெரிய சான்று 621இல் கிடைக்கிறது. பின்னாளில் டாங் பேரரசரான லீ ஷிமின் பக்கம் நின்று அவருடைய எதிரி வாங் ஷிசோங்கின் படையை எதிர்த்தார்கள். அதற்குக் கிடைத்த மரியாதை 728ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. அவர்கள் எந்த முறையில் சண்டையிட்டார்கள் என்பது அதில் இல்லை.

ஷாவ்லினுக்கென்று ஒரு கலை தெளிவாகக் கண்ணில் படுவது மிங் காலத்தில்தான். அதுவும் கை இல்லை, கம்பு. பத்தாண்டுக்கு மேல் அந்த மடத்தில் பழகிய செங் சோங்யூ, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்புமுறையை நூலாக எழுதினார். கம்பைத் தந்தவர் யார் என்பதற்கு அவர் சொல்லும் பெயர் கின்னர அரசன். செந்தலைப்பாகைக் கலகத்தின்போது அந்தத் தெய்வம் மடத்துச் சமையல்காரர் வடிவில் வந்து மடத்தைக் காத்ததாம். வெறுங்கைச் சண்டை இன்னும் பரவலாகவில்லை என்றும் அவரே எழுதுகிறார். அதாவது, ஷாவ்லின்காரர்களே தங்கள் கலைக்குத் தெய்வ மூலம் தேடியபோது போதிதருமர் அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

பிறகு எப்படி வந்தார்? 1624இல் ‘யிஜின் ஜிங்’ என்ற நூல் வெளிப்பட்டது. தசைநாரை உரமாக்கும் பயிற்சி நூல் அது. போதிதருமர் மடத்தில் விட்டுப்போனது என்று அதன் முன்னுரை சொல்கிறது. அந்த முன்னுரையில் 628 என்று தேதியிட்டு, தளபதி லீ ஜிங்கின் கையெழுத்து. நூல் கைமாறி வந்த வழியில் ‘சுருட்டைத் தாடி வீரன்’ என்று ஒருவர் வருகிறார். அவர் டாங் காலக் கதை ஒன்றின் கற்பனைப் பாத்திரம்! கள்ளப் பத்திரம் எழுதியவர் சாட்சிக் கையெழுத்துக்குக் கதாநாயகனைக் கூப்பிட்டால் மாட்டாமல் என்ன செய்வார்? பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் லிங் திங்கான் இதை எழுதியவரை ஒன்றும் தெரியாத பட்டிக்காட்டு வாத்தியார் என்று ஏசியிருக்கிறார். அந்த நூலிலும் இருப்பது உடல் உரப் பயிற்சிதான். குத்துச்சண்டையே போதிதருமருடையது என்ற பேச்சு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவலிலும் மலிவுப் பதிப்புகளிலும் ஏறிப் பரவியது. நாம் தமிழ்ப் பெருமை என்று தலையில் தூக்கிவைத்திருப்பது ஒரு சீனப் போலி முன்னுரையை.

நூல் பொய்த்தாலும் உடம்பு பொய் சொல்லாதே என்பார்கள். சிலம்பத்தையும் ஷாவ்லின் கம்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் கம்பு பொதுவாக நெற்றி உயரம். சுற்றுவதிலும் வீச்சிலும் காலடியிலும் அதன் உயிர். செங் எழுதிய கம்பு ஆளை மிஞ்சும் நீளம். அடிப்பக்கத்தில் இரு கையும் பிடித்து, நுனியால் ஈட்டிபோல் குத்துவது அதில் முக்கியம். இரண்டும் கம்பு என்பதைத் தவிர, ஒன்றுக்கு மற்றொன்று தாய் என்று சொல்ல எனக்கு எதுவும் தென்படவில்லை. உடம்பின் வர்மப் புள்ளிகளும் 108, சீனர் சொல்லும் உயிர்நிலைப் புள்ளிகளும் 108 என்ற வாதம் இதைவிடக் கனமானது. ஆனால் பன்னிரண்டு படுவர்மம், தொண்ணூற்றாறு தொடுவர்மம் என்ற நம் பிரிவும் முப்பத்தாறு, எழுபத்திரண்டு என்ற அவர்கள் பிரிவும் வேறு. 108 என்ற எண்ணோ ஜபமாலையோடு பௌத்தம் போன இடமெல்லாம் போன எண். மருத்துவக் கருத்துகள் கடல்வழி கைமாறியிருக்கலாம். அதற்குக் குங்ஃபூவைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

சங்கரன்கோவில்காரர்களுக்குப் பக்திக்கும் ஆதாரத்துக்கும் உள்ள வேறுபாடு புதிதில்லை. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் சங்கரநாராயணர் கோயிலுக்குள் நுழைந்து சோதியில் மறைந்தார் என்று கும்பிடுகிறார்கள். ஆனால் அவர் கும்பினிப் படையை எதிர்த்தார் என்பதற்கு அந்தச் சோதியை யாரும் ஆதாரம் காட்டுவதில்லை. அதற்குக் கும்பினியின் பதிவுகளே இருக்கின்றன. போதிதருமர் கல்லறையைத் திறந்தபோது ஒற்றைச் செருப்பு மட்டும் இருந்தது என்ற சீனக் கதையும் சோதியின் இனம்தான். பக்தியை அது சொல்கிறது. காலடி வரிசையைச் சொல்லாது.

ஆகவே என் தீர்ப்பு: போதிதருமர் தென்னிந்தியர், சரி. காஞ்சி இளவரசர், நிரூபணமாகாதது. குங்ஃபூவின் தந்தை, தள்ளுபடி. ஷாவ்லினுக்கு இந்தியக் கடன் உண்டு. அது பாதுவோவிடமும் கின்னரனிடமும் பௌத்தத்திடமும் பட்ட கடன், கம்பிலும் கையிலும் பட்டதில்லை.

இந்தத் தள்ளுபடியால் சிலம்பத்துக்கு நட்டமில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் அது காட்சி விளையாட்டாக ஏறியது போதிதருமர் சிபாரிசில் இல்லை. அதற்கு வேண்டியது தேடி எழுதும் வேலை, சீனத்தில் அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையைத் தாவோயிச முனிவர் ஜாங் சான்ஃபெங் படைத்தார் என்று சீனாவே நம்பிக்கொண்டிருந்தபோது, டாங் ஹாவ் என்ற ஆய்வாளர் 1930களின் தொடக்கத்தில் சென் குடும்பத்தின் கிராமத்துக்கே போனார். அவர்கள் வம்சாவளி ஏட்டைப் புரட்டி, பதினேழாம் நூற்றாண்டுச் சென் வாங்திங் வரை தடம் பிடித்து வந்தார். அதேபோல் நெல்லைச் சீமைச் சிலம்ப ஆசான்மாரின் வீடுகளில் உட்கார்ந்து, யாரிடம் யார் பழகினார், எந்த வரிசை எந்த ஊரில் மாறியது என்று கேட்டு எழுதுகிற வேலைக்கு நான் காஞ்சி இளவரசரைவிட அதிக மதிப்பெண் தருவேன்.