கேண்டிடா, ட்ரெடிஷனலா?

கல்யாணத்துக்கு ஃபோட்டோகிராஃபர் பேசும் வீடுகளில் இப்போது முதலில் எழும் கேள்வி இதுதான். கேண்டிட் என்றால் கட்டணமும் கூடுதல், கௌரவமும் கூடுதல். ட்ரெடிஷனல்காரரைப் பேக்கேஜின் ஓரத்தில் ஒப்புக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். இந்தத் தரவரிசையை நான் ஏற்கவில்லை. ஆனாலும் கேண்டிட் தரப்பின் வாதத்தை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் மறுக்க வேண்டும், ஏனென்றால் அது வலுவான வாதம்.

தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். கெட்டிமேளம் முழங்கத் தொடங்கி மூன்றாவது முடிச்சு விழுவதற்குள் அதிகம் போனால் ஒரு நிமிடம். மேடையில் ஹோமப் புகை, அட்சதையோடு முண்டும் உறவுக் கூட்டம், வீடியோகாரரின் கண்கூசும் விளக்கு. அந்த நேரத்தில்தான் ட்ரெடிஷனல்காரர் குரல் கொடுப்பார்: “மாப்ள, தாலிய அப்படியே புடிங்க, இங்க பாருங்க.” மாப்பிள்ளை நிமிர்ந்து லென்ஸைப் பார்த்துச் சிரிக்கிறார். பின்னால் முடிச்சுப் போடக் காத்திருக்கும் நாத்தனாரின் கையும் அந்தரத்தில் நிற்கிறது. படத்தில் எல்லார் முகமும் துலக்கம். தாலி கட்டியது மட்டும் அதில் இல்லை. அதே நேரம் மேடைக்குக் கீழே 70-200 லென்ஸோடு நிற்கும் கேண்டிட்காரர், பெண்ணின் அப்பா தோள்துண்டால் கண்ணை ஒற்றிக்கொள்வதைப் பிடித்துவிடுகிறார். சொல்லிவைத்து எடுத்தால் அந்தப் படம் கிடைக்காது.

இதுவரை கேண்டிட் பக்கம்தான் நியாயம். ஆனால் அவர் கொடுக்கும் மொத்தப் படங்களையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டும். மெஹந்திக் கை, ஜிமிக்கி, சிரிக்கும் தோழிகள், மறுபடி ஜிமிக்கி. லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்துவைத்து எடுப்பதால் பின்னணி அழகாகக் கரைந்திருக்கும். அந்தக் கரைசலில் வெள்ளையாகத் தெரிகிற தலை சித்தப்பாவுடையது. நம் வீடுகளில் கல்யாண ஆல்பம் மொய் நோட்டுக்கு இணையான ஆவணம். பத்து வருடம் கழித்து அதைப் புரட்டுகிறவர் “மதுரைப் பெரியம்மா வந்திருந்தாங்களா?” என்றுதான் தேடுவார். ரிசப்ஷன் வரிசையில் ஏறி இறங்கிய ஒவ்வொரு குடும்பத்தையும், குள்ளமான பாட்டி மறையாமல், கைக்குழந்தை திரும்பிக்கொள்ளாமல் எடுத்துத் தருகிற வேலையை யாரும் இன்ஸ்டாகிராமில் போடுவதில்லை. மூன்று மணி நேரம் அலுக்காமல் அதைச் செய்வது பெரிய தொழில்திறமை.

தவிர, இப்போதைய கேண்டிடில் பாதி நாடகம். “நான் சொன்னதும் சிரிங்க, கேமராவப் பாக்காதீங்க, ஜன்னலப் பாருங்க” என்று எடுத்தால் அதுவும் போஸ்தானே?

எனவே பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஆளைப் பார்க்க வேண்டும். சிக்கலும் அங்கேதான். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான குடும்பங்கள் கல்யாணம் வைப்பதில்லை. மிச்ச மாதங்களின் சுபமுகூர்த்த நாட்களில் எல்லாக் கல்யாணமும் குவிகிறது. ஒரே நாளில் நாலு இடத்துக்கு அட்வான்ஸ் வாங்கிய ஸ்டுடியோ என்ன செய்யும்? நீங்கள் பார்த்து மயங்கிய படங்களை எடுத்தவர் வேறு மண்டபத்தில் இருப்பார். உங்களுக்கு வருவது நாள் சம்பளத்துக்கு அழைக்கப்பட்ட ஃப்ரீலான்ஸர். யார் வருவார் என்று பெயரைப் போட்டு எழுதி வாங்காத ஒப்பந்தம் பாதி ஒப்பந்தம்தான்.

பொறுக்கியெடுத்த முப்பது படங்களைக் காட்டினால் மயங்க வேண்டியதில்லை. பல கல்யாணங்களிலிருந்து திரட்டினால் யாருக்கும் முப்பது தேறும். ஒரே கல்யாணத்தின் எல்லாப் படங்களையும் கேளுங்கள். அதிலும் தாழ்ந்த கூரையும் மஞ்சள் விளக்குமாக இருக்கும் சாதாரண மண்டபத்தில் எடுத்ததாக. அதில் நான் முதலில் பார்ப்பது தோலின் நிறம். கை மாநிறமாகவும் முகம் சுண்ணாம்பாகவும் இருந்தால் அந்த ஆள் வேண்டாம். வெளுக்க வைப்பதுதான் எடிட்டிங் என்று நம்புகிறவருக்கு வெளிச்சத்தைப் படிக்கத் தெரியாது என்று அர்த்தம். வாடிக்கையாளர் கேட்கிறார்கள் என்பது சமாதானமாகாது.

உரிமை விஷயத்தில் நம் ஆட்கள் தேவையில்லாமல் பணிந்து போகிறார்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17-இன்படி, பணம் கொடுத்து எடுக்கச்சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச்சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே ஸ்டுடியோ நீட்டும் தாளில் அந்த உரிமையை எழுதிக்கொடுத்துவிடுகிறோமா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ரா ஃபைல் தர மாட்டேன் என்று அவர் சொல்வதில் நியாயம் உண்டு, அது முடிக்காத வேலை. ஜேபெக் அத்தனையும் தர மறுத்தால் நியாயமில்லை.

என் தீர்ப்பு இது. ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் நல்ல ட்ரெடிஷனல்காரரைப் பிடியுங்கள், தாலி கட்டும்போது மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. ட்ரோன், கிரேன், தூக்க முடியாத இரண்டாவது ஆல்பம் ஆகியவற்றை வெட்டினால் கிடைக்கும் தொகையில் கேண்டிட்காரரையும் சேர்க்கலாம். அதுவும் முகூர்த்தக் காலைக்கு மட்டும். ரிசப்ஷனுக்கு அவர் தேவையில்லை. அந்தப் பணத்தில் ட்ரெடிஷனல்காரருக்கு ஓர் உதவியாளர் வைத்துக்கொடுத்தால் வரிசையில் ஒரு குடும்பமும் விடுபடாது.