முடிவின் நியாயம்

கதை கேட்போர் தொடக்கத்தில் காணும் குறையை விரைவில் மறந்துவிடுவர். இடையில் தோன்றும் தொய்வையும் பொறுத்துக்கொள்வர். முடிவில் நேரும் குறையை மட்டும் அவர்கள் மறப்பதுமில்லை, பொறுப்பதுமில்லை. பல்லாண்டுகள் உடன்வந்த கதைமாந்தரைப் பிரியும் இடம் அது. அவ்விடத்தில் ஏமாற்றம் நேருமாயின், அதுவரை துய்த்த இன்பமும் கசந்துவிடுகிறது. அக்கசப்பு எதனால் விளைகிறது, அதில் திறனாய்வுக்குரிய உண்மை ஏதேனும் உண்டா என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாவை அண்மைக் காலத்தில் உலகறிய எழுப்பியது 'கேம் ஆஃப் துரோன்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடர். அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவந்த பெருங்கற்பனைப் புதினங்களைத் தழுவியது அது. எச்.பி.ஓ. நிறுவனம் அதனை 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்களாக, 73 அங்கங்களில் ஒளிபரப்பியது. அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒளியேறிய அங்கம் நமக்குத் திங்கட்கிழமைக் காலையாகும். செந்தூலிலும் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வாழும் நம் இளைஞர் பலரும் அதனை அறிவர்.

அதன் இறுதிப் பருவம் 2019 ஏப்ரல் 14 தொடங்கி மே 19 வரை ஆறு அங்கங்களாக வெளிவந்தது. அது முடிவதற்குள்ளாகவே கண்டனங்கள் எழுந்தன. தகுதியுடைய எழுத்தாளரைக் கொண்டு அப்பருவத்தை மீண்டும் படைக்க வேண்டும் எனக் கோரிய விண்ணப்பத்தில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அதே ஆண்டு செப்டம்பர் திங்களில் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதையும் அத்தொடரே பெற்றது. விருது வழங்கியோர் ஒருபுறம், வருந்தியோர் மறுபுறம் என நின்ற நிலையில், எண்ணிக்கையைக் கொண்டோ விருதைக் கொண்டோ உண்மையைத் தெளிய இயலாது. கதையின் உள்ளே புகுந்தே அதனைத் தெளிதல் வேண்டும்.

இருவகைக் குறைபாடு

முடிவைப் பற்றி எழும் முறையீடுகளை இருவகையாகப் பகுக்கலாம். 'இக்கதை இப்படி முடிந்திருக்கக் கூடாது' என்பது ஒன்று. 'இக்கதை இப்படி முடிவதற்கு வழியே இல்லை' என்பது மற்றொன்று. கேட்பதற்கு ஒன்றுபோல் தோன்றினும் இவை வேறு வேறானவை. முன்னது விருப்பத்திலிருந்து பிறப்பது. பின்னது அறிவிலிருந்து பிறப்பது.

விருப்பத்திற்கு எடுத்துக்காட்டு வேண்டின் ஆர்தர் கோனன் டாயிலின் துப்பறியும் கதைகளை நோக்கலாம். 1893இல் அவர் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் வீழ்ந்து இறந்தவனாகக் காட்டினார். வாசகர் உள்ளம் அதனை ஏற்கவில்லை. 1903இல் அவனை உயிருடன் மீட்டுக்கொண்டு வந்தார். ஹோம்ஸ் இறந்ததில் காரண காரியப் பிழை ஏதுமில்லை; அவன் இறக்கக் கூடாது என்னும் அன்பே வாசகரைப் பேசச் செய்தது. அன்பு போற்றத்தக்கதே, எனினும் அதனைத் திறனாய்வு எனக் கொள்ளல் ஆகாது. துன்ப முடிவை விலக்க வேண்டும் என்று விரும்புவோர் சொற்படி நடந்திருந்தால் இளங்கோவடிகள் கோவலனைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

தொலைக்காட்சித் தொடரைக் குறைகூறியோருள் இவ்வகையினரும் இருந்தனர். ஆயினும் அவர்களுள் ஒரு பெரும் பகுதியினர் சொன்னது இரண்டாவது வகையைச் சார்ந்ததாகும்.

எரிந்த நகர்

அத்தொடரின் தலைமை மாந்தருள் ஒருத்தி டெனேரிஸ். அரசிழந்த குடியில் பிறந்து, நாடுகடந்து அலைந்து, அடிமைகளை விடுவித்து, பறவை நாகங்களின் துணையுடன் தன் முன்னோர் அரியணையை மீட்க வருபவள். இறுதிப் பருவத்தின் ஐந்தாம் அங்கத்தில் தலைநகரம் பணிந்துவிட்டதை அறிவிக்கும் மணி ஒலிக்கிறது. வெற்றி கைகூடிய அந்நொடியில் அவள் நகரையும் அதன் மக்களையும் எரிக்கிறாள். அடுத்த அங்கத்தில் அவளைக் காதலித்த ஜான் ஸ்னோவின் கையாலேயே மாய்கிறாள். அரியணை பிரான் என்னும் இளைஞனைச் சேர்கிறது.

விடுதலை தர வந்தவள் கொடுங்கோலியாக மாறுவது கதைக்கு ஒவ்வாத கருத்தா? இல்லை. அதற்குரிய வித்து முன்னரே இடப்பட்டிருந்தது. அடிமை முதலாளிகளை மரத்தில் அறைந்து கொன்றவள் அவள். பணிய மறுத்த பகைவரைத் தீக்கிரையாக்கியவள் அவள். குறை வித்தில் இல்லை. விளைச்சலுக்குக் காலம் தராமையில் உள்ளது. முதல் ஆறு பருவங்களும் தனித்தனியே பத்து அங்கங்கள் கொண்டவை. ஏழாம் பருவம் ஏழாகவும் எட்டாம் பருவம் ஆறாகவும் சுருங்கின. மெய்க்காவலன் இறப்பு, தோழியின் கொலை, பறவை நாகத்தின் மறைவு, காதலனே அரியணைக்கு முன்னுரிமை உடையவன் என்னும் செய்தி ஆகிய அனைத்தும் சில அங்கங்களுக்குள் அவள்மீது குவிக்கப்பட்டன. காரணங்கள் அடுக்கப்பட்டனவேயன்றி, அவை அவள் நெஞ்சில் வேலை செய்வதை நாம் காணவில்லை. முடிசூடிய பிரானோ, ஐந்தாம் பருவம் முழுவதிலும் தலைகாட்டாதவன். அவன் ஆள்வதற்கு உரியவன் என்று ஒருவர் வாயால் சொல்லக் கேட்கிறோம். கண்டு தெளிய நமக்கு வாய்ப்பில்லை.

மூலப் புதினங்களுள் ஐந்தாவது 2011இல் வெளிவந்தது. அதற்கு மேல் கதை செல்லும் வழியைத் தொடரின் எழுத்தாளர்களான டேவிட் பெனியாஃபும் டி. பி. வைஸும் தாமே வகுக்க வேண்டியதாயிற்று. சேர வேண்டிய ஊரின் பெயரை அவர்கள் அறிந்திருந்தனர். அதற்குச் செல்லும் வழியைப் போதிய அளவு நடக்கவில்லை எனலாம்.

மற்றொரு நகர்

இங்கே தமிழ் மாணவர் ஒப்புநோக்க வேண்டிய நகரம் ஒன்று உண்டு. அதுவும் ஒரு பெண்ணின் சினத்தால் எரிந்ததே. புகார்க் காண்டத்தில் பெரும்பாலும் வாய் திறவாத கண்ணகி, மதுரைக் காண்டத்தில் பேரரசனை எதிர்த்து வழக்குரைக்கிறாள், நகரை எரிக்கிறாள். டெனேரிஸின் மாற்றத்தைவிடப் பெரிய மாற்றம் இது. ஆயினும் 'இது நடவாது' என்று நாம் கூறுவதில்லை. ஏன்?

சிலம்பின் முப்பது காதைகளுள் ஒன்பதாவதான கனாத்திறம் உரைத்த காதையை நோக்குக. கணவனை மீண்டும் பெறத் தீர்த்தமாடித் தொழலாம் எனத் தேவந்தி கூற, அது தனக்குப் பெருமை தராது எனக் கண்ணகி மறுக்கிறாள். ஓரிரு சொற்களில் வெளிப்பட்டு மறைந்துவிடும் அம்மறுப்பிலேதான் பின்னர் அரசவையில் எழும் குரல் முதன்முதலாகக் கேட்கிறது. அதே காதையில் அவள் கண்ட கனவு, வேற்றூரில் நேரவிருக்கும் பழியையும் அரசன்முன் தான் முறையிடுவதையும் முன்னுணர்த்துகிறது. கொலைக்களக் காதையில், பிரிவதற்குச் சற்றுமுன், கோவலனின் ஒழுக்கத்தை அவள் தன் வாயாலேயே இடித்துரைக்கிறாள். அடக்கத்தின் அடியில் உறுதி இருந்தது என்பதை நாம் படிப்படியாக அறிந்துகொள்கிறோம்.

கொலைக்குப் பின்னும் அடிகள் விரையவில்லை. துன்பமாலையில் அவள் செய்தியைக் கேட்கிறாள். ஊர்சூழ் வரியில் கணவன் உடலைக் காண்கிறாள். வழக்குரை காதையில் நீதி கேட்கிறாள். வஞ்சின மாலையில் சூளுரைத்துத் தீயை ஏவுகிறாள். அழற்படு காதையில் நகர் எரிகிறது. கேட்டல், காணல், வழக்காடல், வஞ்சினம் கூறல், எரித்தல் என ஒவ்வொரு நிலைக்கும் ஓர் இடம் தரப்பட்டுள்ளது. அரசன் தன் பிழையை உணர்ந்து உயிர்விட்ட பின்னரும் சினம் தணியாமையை நாம் அவளுடன் நின்று உணர்கிறோம். குழந்தைகளையும் முதியோரையும் அறவோரையும் பிறரையும் விலக்கித் தீயோரையே பற்றுமாறு அவள் தீக்கடவுளுக்குக் கூறும்போது, அச்சினத்திற்கும் ஓர் அளவு உண்டெனக் காண்கிறோம். இவற்றிற்குப் பின்னர் வஞ்சிக் காண்டமாக ஏழு காதைகள் தொடர்கின்றன. எரிந்த நகரிலிருந்து வெளியேறி, நிகழ்ந்ததன் பொருளை எண்ணிப்பார்க்க நமக்குக் காலம் கிடைக்கிறது.

முடிவு இறுதி இயலில் பிறப்பதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆசிரியர் அதனை நடுவிலேயே சிறுகச் சிறுக ஈட்டுகிறார், இறுதியில் செலவிடுகிறார். ஈட்டாததைச் செலவிட முற்படும்போதுதான் வாசகன் கடன்காரனைப்போல் வந்து நிற்கிறான்.

கல்கி தந்த விடை

தமிழ்ப் புதின உலகமும் இத்தகைய மனக்குறையை அறிந்ததே. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. ஐந்து பாகங்கள் நிறைவெய்தியபோது, கதை திடீரென முடிந்துவிட்டதே என வாசகர் சிலர் குறைபட்டனர். கல்கி அதனைப் புறக்கணிக்கவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, முழுக் கற்பனையான சமூகப் புதினத்தை முடிப்பதற்கும் வரலாற்றுப் புதினத்தை முடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். கதைமாந்தரின் பிற்கால வாழ்வு பற்றிய ஐயங்களுக்கும் விடை கூறினார்.

இம்மனக்குறை எவ்வகையினது? அருள்மொழிவர்மன் முடியைத் துறந்தது பொருந்தாது என அவர்கள் கூறவில்லை. அத்துறவுக்கு வரலாற்றிலும் இடம் உண்டு. சிற்றப்பன் அரசை விரும்பியதால் அருள்மொழி அதனை ஏற்கவில்லை என்னும் கருத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் தருகின்றன. இராசராசன் அரியணை ஏறியது 985ஆம் ஆண்டில்தான். முடிசூடும் சேந்தன் அமுதனும் முதற்பாகத்திலேயே நமக்கு அறிமுகமானவன். பூத்தொடுத்துத் தேவாரம் பாடும் அவ்விளைஞனை நாம் அறிந்தும் பழகியும் இருப்பதால், அவன் பிறப்பின் மறைபொருள் வெளிப்படும்போது வியக்கிறோம், ஆனால் ஐயுறுவதில்லை. வாசகரின் குறை 'போதவில்லை' என்பதே. அது கதையின் பிழையைக் காட்டுவதன்று. கதைமாந்தர் உயிர்பெற்றுவிட்டதைக் காட்டுவது.

எங்கே நிறுத்துவது என்பது படைப்பாளனின் உரிமை. கம்பர் முடிசூட்டு விழாவை ஒட்டித் தம் காவியத்தை நிறைவு செய்தார். உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் பெயரால் தனியே வழங்குகிறது. கல்கி நிறுத்திய இடத்திலிருந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யைத் தொடங்கினார். நிறைவுறாத ஆவல் இவ்வாறு புதிய நூலுக்கு வித்தாவதும் உண்டு.

2023இல் வெளிவந்த திரைப்படத்தின் இரண்டாம் பாகம், சேந்தன் அமுதன் முடிசூடும் திருப்பத்தை விடுத்து, மதுராந்தகனுக்கே முடிசூட்டியது. நூலைக் கற்றோர் பலர் வருந்தினர். எனினும் நாம் மேலே கண்ட அளவுகோலைக் கொண்டு நோக்கினால், திரையில் மிகச் சிறிதே தோன்றிய அமுதனுக்கு முடி தந்திருந்தால் அது ஈட்டாத முடிவாகவே அமைந்திருக்கும். நூலுக்கு மாறானது என்பது ஒரு குறை. கதைக்கு மாறானது என்பது வேறு குறை. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புதல் கூடாது.

வகுப்பறைக்கு வேண்டுவது

விண்ணப்பத்தில் ஒப்பமிட்டுக் கதையை மாற்றுமாறு கோருவதை நாம் ஏற்பதற்கில்லை. பலர் கூடி வாக்களித்து எழுதும் கதை எவருடைய கதையும் ஆகாது. ஆயினும் அவ்வொப்பங்களுக்குப் பின்னால் நின்ற வருத்தத்தை எள்ளி நகையாடுவதும் முறையன்று. ஒரு பாத்திரம் எவ்வாறு வளர்ந்தது, எங்கே தடம் மாறியது, எந்தச் செயலுக்குக் காரணம் காட்டப்படவில்லை என்பவற்றை அங்கம் அங்கமாகச் சுட்டிப் பேசிய இளைஞன், தான் அறியாமலேயே திறனாய்வு செய்தவனாவான்.

செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அத்தகைய தொடரைக் கண்டு, முடிவு பொய்யானது எனச் சினந்து, மறுநாள் வகுப்பிற்கு வரும் மாணவனை ஆசிரியர் எவ்வாறு எதிர்கொள்வது? 'அது வெறும் பொழுதுபோக்கு. பாடத்தைப் பார்' எனக் கூறிவிடலாம். அவ்வாறு கூறின், அவன் ஆராயும் திறனைத் தொலைக்காட்சிக்கு என்றும், மனப்பாடம் செய்யும் கடமையைத் தமிழிலக்கியத்திற்கு என்றும் பிரித்து வைத்துக்கொள்வான். அதனினும் பெரிய இழப்பு நம் மொழிக்கு வேறில்லை. மாறாக, 'அவள் நகரை எரித்தது பொருந்தவில்லை என்கிறாய். கண்ணகி எரித்தது எவ்வாறு பொருந்துகிறது? மூன்று இடங்களைக் காட்டு' எனக் கேட்டுப் பார்க்கலாம். அவன் விடை தேடிக் கனாத்திறம் உரைத்த காதைக்குள் தானாகவே நுழைவான்.

இக்கேள்வி எழுதுவோர்க்கும் உரியது. முன்னறிகுறி ஏதுமின்றி இறுதிப் பத்தியில் விபத்தையோ தற்கொலையையோ கொண்டுவந்து சிக்கலை முடித்துவைக்கும் கதைகள் நம்மிடையேயும் உண்டு. பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட தொடரே ஈட்டாத முடிவினால் மதிப்பிழந்தது எனின், சொல்லை மட்டுமே முதலாகக் கொண்ட நம் சிறுகதை எந்தத் துணிவில் வாசகனின் பொறுமையைக் கடன் கேட்பது? முடிவை எழுத அமரும் எழுத்தாளர், பேனாவை எடுக்குமுன் தம் கதையின் நடுப்பகுதிக்கு ஒருமுறை திரும்பிச் சென்று பார்ப்பாராக. அங்கே ஒன்றும் விதைக்கப்படவில்லையாயின், இறுதியில் அறுப்பதற்கும் ஒன்றுமில்லை.