கேமராவின் காது

மைக்கை இயக்குவதா வேண்டாமா என்ற கேள்வி, கேமரா மாட்டுகிறவர்கள் கடைசியாகக் கேட்பது, பலர் கேட்பதேயில்லை. ஃப்ரிகேட் போன்ற திறந்த மூலக் கேமராப் பதிவு மென்பொருளை வீட்டுக் கணினியில் நிறுவி, ஐபி கேமராவின் ஆர்டிஎஸ்பி முகவரியைக் கொடுத்தால் படம் வந்துவிடும். ஒலிதான் இழுத்தடிக்கும். பல கேமராக்கள் ஒலியை ஜி.711 என்ற பழைய தொலைபேசி முறையில் அனுப்புகின்றன. பதிவு சேரும் எம்பி4 கோப்பு அதை ஏற்காது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி ஏஏசியாக மாற்றினால் ஒலியும் பதிவாகும். அந்த ஒரு வரியைத்தான் இங்கே எடைபோடுகிறேன்.

இடம் போதாது என்பது காரணமாகாது. நொடிக்கு 4 மெகாபிட் வீதம் வரும் படம் நாளொன்றுக்குச் சுமார் 43 ஜிபி பிடிக்கும். ஜி.711 ஒலி நொடிக்கு 64 கிலோபிட்தான். நாள் முழுக்க ஓடினாலும் 0.7 ஜிபிக்குள் அடங்கும். இவ்வளவு மலிவாகக் கிடைப்பதால்தான் யோசிக்காமல் சேர்த்துக்கொள்கிறோம். பயன் எவ்வளவு? அந்த முறை நொடிக்கு 8,000 முறைதான் ஒலியை அளக்கிறது. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எதுவும் அதில் தங்காது. காற்றும் வண்டிச் சத்தமும் சேர்ந்த தெருவாசலில், சற்றுத் தள்ளி நிற்பவர் என்ன சொன்னார் என்று உறுதியாகச் சொல்வது கடினம். திருடனைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் முகமும் வண்டி எண்ணும்தான்.

இழப்போ பெரிது. கேமராவைக் கண்டவர் ஒதுங்கி நடக்கலாம். மைக் எதுவரை கேட்கிறது என்பது யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டுத் திண்ணைப் பேச்சும், கடையில் தவணை கேட்டுத் தாழும் குரலும் அதில் விழும். 2021இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி நீதிமன்றம், அண்டை வீட்டாரிடையே எழுந்த கேமரா வழக்கில், படத்தைவிட ஒலிப்பதிவே கூடுதல் சிக்கலானது என்று கண்டது. கேமரா இருப்பதையே அறியாதவரின் பேச்சும் அதில் பதிவாகும் என்பது முக்கியக் காரணம். பதிவு என் கணினியைவிட்டு வெளியே போகாது என்று நாம் சொல்லலாம். அது நமக்குப் பாதுகாப்பு. கேட்கப்படுகிறவருக்கு அந்தக் கணினி யார் வீட்டில் இருந்தால் என்ன?

இதோடு முடிந்திருந்தால் தீர்ப்பு எளிது. எதிர்த்தட்டில் சாத்தான்குளம் இருக்கிறது. 2020 ஜூனில் அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் அங்கே தாக்கப்பட்டு, பின்னர் இறந்தார்கள். நேரில் விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அளித்த அறிக்கை, நிலையத்துக் கேமராவின் ஹார்ட் டிஸ்கில் 1 டிபி இடம் இருந்தும், பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைச் சுட்டியது. மேலே சொன்ன கணக்கில், 1 டிபி ஒரு கேமராவுக்கு 23 நாள் தாங்கும். நான்கு கேமரா என்றாலும் ஐந்து நாளுக்கு மேல். எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று பதிவு மென்பொருள்கள் கேட்கும் அந்தச் சிறிய எண்ணை நாம் அலட்சியமாக நிரப்புகிறோம். அங்கே அந்த எண் ஒரு சாட்சியத்தையே இல்லாமல் செய்தது.

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம், காவல் நிலையக் கேமராக்கள் இரவிலும் காண வேண்டும், படத்தோடு ஒலியும் கட்டாயம் பதிவாக வேண்டும், 18 மாதம் காக்க வேண்டும், சாதனம் இடம் தராவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று ஆணையிட்டது. ஒலியைச் சேர்த்தது மிகச் சரி. அடி படத்துக்கு வெளியே விழலாம். அலறல் உள்ளே கேட்கும். மிரட்டலுக்கோ உருவமே இல்லை.

ஒரே மைக் ஓரிடத்தில் அத்துமீறல், இன்னோரிடத்தில் கவசம். அங்கிருந்து எழுந்து போக முடியாதவர் யார், அவரை அடைத்து வைத்திருப்பவர் யார் என்று பார்த்தால் வேறுபாடு புரியும்.

இடைவழி ஒன்றும் உண்டு. ஒலியைச் சேமிக்காமலே அலறலையும் தீ எச்சரிக்கை மணியையும் மட்டும் இனங்கண்டு சொல்லும்படி ஃப்ரிகேட்டை அமைக்கலாம். தனியே வாழும் முதியவர் வீட்டில், அவர் சம்மதத்தோடு, இதை ஏற்கிறேன். ஆனால் இதற்குக் கேமராவின் மைக் திறந்தே இருக்க வேண்டும். கேமராவின் பாஸ்வேர்டு கைமாறினால், அதே நெட்வொர்க்கில் நுழைந்த எவரும் கேட்கலாம். ஆகவே தெருவாசலுக்கும் கடைக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே மைக்கை மென்பொருளில் மட்டுமல்ல, கேமராவின் சொந்த அமைப்புப் பக்கத்திலேயே அணைத்துவிட வேண்டும். லாக்கப்பில் அது ஒருபோதும் அணையக் கூடாது. எத்தனை நாளில் அழிக்கலாம் என்ற எண்ணை மாற்றும் பாஸ்வேர்டு அந்த நிலையத்தில் எவரிடமும் இருக்கக் கூடாது.